நமது உடம்புக்கும் ஒரு பெரட்டு

"என்ன, பசியாறிட்டீங்களா?"

காம்பார் கடைத்தெருவிலும் சரி, மாலிம் நாவார், கோப்பெங், தாப்பா பக்கத்துத் தோட்டங்களிலும் சரி, நம்மவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததும் முதலில் கேட்பது இதைத்தான். பசியை அனுபவித்து அறிந்த சமுதாயம் நாம். அதனால் அந்தக் கேள்வியில் உண்மையான அன்பு இருக்கிறது. ஆனால் இன்று அதோடு இன்னொன்றையும் கேட்க வேண்டிய நிலை வந்துவிட்டது: "என்ன பசியாறினீங்க? எவ்வளவு பசியாறினீங்க?"

காரணம் இல்லாமல் சொல்லவில்லை. சுகாதார அமைச்சு 2019-ஆம் ஆண்டு நாடு முழுவதும் நடத்திய ஆய்வில், வயது வந்தோரில் நூற்றுக்கு 18.3 பேருக்கு இனிப்பு நீர் வியாதி இருப்பது தெரிய வந்தது. இந்தியர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் நூற்றுக்கு 31.4 பேர்! பத்து வீடு கொண்ட ஒரு லயத்தில் இருபது பெரியவர்கள் இருந்தால், அவர்களில் ஆறு பேருக்கு இந்த வியாதி என்று கணக்கு. 2023-இல் மீண்டும் ஆய்வு செய்தபோது நாட்டின் மொத்தக் கணக்கு 15.6-க்கு இறங்கியிருந்தது. ஆனால் வியாதி உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பேருக்கு அது இருப்பதே தெரியாது என்றும் அதே ஆய்வு கூறியது.

செம்பனைத் தோட்டத்தில் காலில் முள் குத்துவது புதிதல்ல. இனிப்பு நீர் முற்றியவருக்கு முள் குத்தியதே தெரியாது. நரம்பு மரத்துப் போயிருக்கும். இரண்டு மூன்று நாள் கழித்துப் புண் பெரிதான பிறகுதான் பார்ப்பார். பிறகு விரல், பிறகு பாதம் என்று போகிறது கதை. சிறுநீரகம் கெட்டவர்கள் வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்கிறார்கள். அந்த மனிதர் மட்டுமா படுக்கிறார்? அவரை ஏற்றி இறக்கும் மகன் வேலை இழக்கிறான். மருந்துக்கும் வண்டிக்கும் போகிற பணத்தில் மகளின் படிப்பு நிற்கிறது.

அன்றும் இன்றும்

"எங்க தாத்தா சட்டி சட்டியாச் சோறு தின்னாரு. அவருக்கென்ன வந்திச்சு?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் தாத்தா விடியுமுன் கோப்பி குடித்துவிட்டுப் பெரட்டுக்கு நின்றார். நானூறு, ஐந்நூறு மரம் வெட்டினார். மேடு பள்ளம் ஏறி இறங்கி வாளி வாளியாய்ப் பால் சுமந்தார். தின்ற சோறு அன்றைக்கே வேர்வையாய் வடிந்தது. அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நாம் சொல்லவரவில்லை. பூச்சி விழுந்த வயிறும், இரத்தம் சுண்டிய தாய்மாரும், மெலிந்த பிள்ளைகளும் அந்த லயங்களில்தான் இருந்தார்கள்.

பிறகு காலம் மாறியது. பால் மரங்கள் விழுந்து செம்பனை வந்தது. 1985-இல் ஈய விலை சரிந்து இந்த வட்டாரத்து லோம்போங்குகளும் ஒவ்வொன்றாய் மூடின. நம் பிள்ளைகள் தொழிற்சாலைக்கும், லாரிக்கும், காவல் வேலைக்கும் போனார்கள். நடந்த கால்கள் மோட்டார் சைக்கிளில் ஏறின. தட்டிலிருந்த சோறு மட்டும் குறையவில்லை. கூடவே டின் பால் ஊற்றிய தே தாரிக், ரொட்டி சானாய், கலர் கலராய்ப் போத்தல் தண்ணீர் எல்லாம் வந்து சேர்ந்தன.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் நாளைக்கு நான்கு குவளை தேத்தண்ணி குடிக்கிறார். குவளைக்கு இரண்டு கரண்டி சீனி. ஒரு சிறு கரண்டியில் சுமார் 4 கிராம். ஆக நாளைக்கு 32 கிராம், மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ சீனி. இது தேத்தண்ணியில் மட்டும்! பலகாரம், பிஸ்கட், போத்தல் தண்ணீர் எல்லாம் தனி. உலகச் சுகாதார நிறுவனமோ, எல்லாவற்றிலும் சேர்ந்து நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு கரண்டிக்குள் சீனியை நிறுத்துவது நல்லது என்கிறது.

சபதம் ஏன் நிற்பதில்லை?

இதெல்லாம் நமக்குத் தெரியாததல்ல. ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் சபதம் எடுக்கிறோம். "இனிமே சீனியே கெடையாது. தினம் நடக்கப் போறேன்." பொங்கல் வருவதற்குள் சபதம் பொங்கி வழிந்துவிடுகிறது. பிறகு, "நமக்கெல்லாம் இது ஆகாதுப்பா" என்று கையை விரித்து விடுகிறோம்.

ஆகாது என்பதை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குத் தைப்பூசக் காவடி எடுக்கிறவரைப் பாருங்கள். மூன்று நாள் சீனியை விட முடியாத அதே மனிதர், வாரக்கணக்கில் புலால் தொடாமல், குடிக்காமல், தரையில் படுத்து விரதம் காக்கிறார். அந்த மன உறுதி எங்கிருந்து வந்தது? பக்தி ஒரு காரணம். ஆனால் அந்த விரதத்தின் அமைப்பையும் கவனிக்க வேண்டும். அதற்கு ஒரு நாள் குறித்திருக்கிறது. இதைச் செய்யலாம், இதைச் செய்யக்கூடாது என்று வரம்பு இருக்கிறது. கூட விரதம் இருப்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டார் அதற்கேற்பச் சமைக்கிறார்கள். "விரதம் எப்படிப் போவுது?" என்று லயமே கேட்கிறது. ஜனவரிச் சபதத்துக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை. தனி மனிதன் தன் மனசோடு தானே மல்லுக்கு நிற்கிறான், தோற்கிறான்.

நாம் சொல்வதற்கு ஆதாரம் சென்னையிலிருந்தே கிடைக்கிறது. டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர், இனிப்பு நீர் வரும் கட்டத்தில் இருந்த 531 பேரைச் சுமார் மூன்று ஆண்டுகள் கவனித்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு வியாதி வந்தது. உணவைத் திருத்தி, நடக்க வைத்து, தொடர்ந்து விசாரித்து வந்தவர்களில் நூற்றுக்கு 39 பேருக்குத்தான் வந்தது.

அதே குழுவினர் 2013-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு நமக்கு மேலும் பொருந்தும். அதில் 537 ஆண்கள். எல்லாருக்கும் தொடக்கத்தில் ஒரே அறிவுரைதான். ஆனால் ஒரு பாதிப் பேருக்கு மட்டும் கைத்தொலைபேசியில் அடிக்கடி சிறு செய்தி அனுப்பினார்கள்: நடக்கவும், அளவாய்ச் சாப்பிடவும் நினைவூட்டும் செய்தி, அவ்வளவுதான். இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தால், செய்தி வராதவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கு இனிப்பு நீர். செய்தி வந்தவர்களில் 18 பேருக்கு. புது மருந்தில்லை, பெரிய செலவில்லை. விடாமல் நினைவூட்ட ஓர் ஏற்பாடு இருந்தது. அதற்கே இவ்வளவு பலன்!

பெயர் கூப்பிட ஆள்

தோட்டத்து மக்களுக்கு இந்த ஏற்பாடு பழக்கமானது. விடியற்காலை பெரட்டில் கிராணியார் பெயர் கூப்பிட்டார். கூப்பிட ஆள் இருந்ததால் மழையானாலும் பனியானாலும் எழுந்து போனோம். முதலாளியின் வேலைக்கு அத்தனை ஆண்டு பெரட்டு நின்ற நாம், நம் சொந்த உடம்புக்கு ஒரு பெரட்டு வைத்துக்கொள்ளக் கூடாதா?

நாம் சொல்லும் யோசனை இது. நான்கைந்து வீட்டார் சேருங்கள். லயமானாலும் சரி, தாமானானாலும் சரி, அடுக்குமாடி ஆனாலும் சரி. வாரத்துக்கு ஒருநாள், ஞாயிறு மாலை என்று வைத்துக்கொள்வோம், கோயில் திண்ணையிலோ மண்டபத்திலோ கூடுங்கள். ஒருவர் பெயர் கூப்பிடட்டும். "இந்த வாரம் எத்தனை நாள் நடந்தீங்க? தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி?" உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். கேலி கூடாது, ஏச்சும் கூடாது.

இலக்கு சிறியதாய் இருக்கட்டும். "உடம்பைக் குறைக்கப் போறேன்" என்பது இலக்காகாது. அதை யாரும் அளக்க முடியாது. "இந்த வாரம் குவளைக்கு ஒரு கரண்டி குறைப்பேன்" என்பது இலக்கு. மேலே போட்ட கணக்குப்படி அது ஒன்றே மாதம் அரைக் கிலோ சீனியை மிச்சப்படுத்தும். அடுத்த மாதம் கடையில், "கூராங் மானிஸ்" என்று சொல்லப் பழகுங்கள். அதற்கடுத்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேர நடை. ஒன்று படிந்த பிறகு ஒன்று.

தட்டுக்கு அமைச்சு சொல்லும் கணக்கு 'சுக்கு சுக்கு செப்பாரோ'. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ முட்டையோ பருப்போ, மீதிப் பாதி காய்கறியும் பழமும். அதற்குப் பணக்காரக் காய்கறி தேவையில்லை. வேலியோரத்து முருங்கைக் கீரை, பசலை, கங்கோங், வெண்டைக்காய் போதும். காம்பாருக்கு வந்துவிட்டுக் கறிக்கோழி ரொட்டியைத் தொடாதே என்று நாம் சொல்லமாட்டோம். நாலு பேர் பங்கிட்டுச் சாப்பிடுங்கள், தினமும் வேண்டாம்.

மளிகைக் கடையில் கொடுத்த நாட்காட்டியை அடுப்படியில் மாட்டி, செய்த நாளில் ஒரு கோடு போடுங்கள். ஒரு நாள் தவறிவிட்டால்? வேலைக்குப் போகாத நாளில் செக்ரோலில் பேர் விழவில்லை; அதற்காக மறுநாளும் வீட்டில் படுத்தா கிடந்தோம்? இதுவும் அப்படித்தான். கல்யாண வீட்டில் இரண்டு லட்டு தின்றவர், "எல்லாம் போச்சு" என்று மூன்றாவதை எடுக்க வேண்டியதில்லை. மறுநாள் பெரட்டுக்கு வந்தால் போதும்.

குடும்பத் தலைவர்களுக்கு ஒரு வார்த்தை. இதையும் சமைக்கிற அம்மாவின் தலையிலேயே கட்டிவிடாதீர்கள். எல்லாருக்கும் போட்டுவிட்டு, மிச்சம் மீதியை வழித்துத் தின்று, தன் இரத்தத்தை ஒருநாளும் சோதித்துப் பார்க்காதவர் அவர்தான். முதலில் அவரை அழைத்துப் போங்கள். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிதான். சோதித்த பிறகு மருந்து கொடுத்தால் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். நாட்டு மருந்தை நம்பி மாத்திரையை வீசாதீர்கள். மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் விரதம் இருக்க நினைத்தால் டாக்டரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். திடீரென்று வேர்த்துக் கை நடுங்கினால் சீனி அளவு இறங்கியிருக்கலாம். அந்த நேரத்தில் இனிப்பாக ஏதாவது உடனே கொடுக்க வேண்டும் என்பதை வீட்டார் அனைவரும் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாம் தொழிலாளி தலையிலா?

குறை முழுவதையும் தொழிலாளியின் தலையில் போடுவது நியாயமல்ல. இனிப்புப் பானங்களுக்கு அரசாங்கம் 2019 ஜூலை முதல் தேதி லிட்டருக்கு 40 சென் வரி போட்டது. 2025-இல் அது 90 சென் ஆனது. நல்லதுதான். ஆனால் வெயிலில் குலை வெட்டுகிறவருக்குப் பக்கத்தில் நல்ல குடிதண்ணீர் இல்லையென்றால் அவர் போத்தல் தண்ணீரைத்தான் தேடுவார். தோட்ட நிர்வாகங்கள் வேலைக்காட்டிலேயே தண்ணீருக்கு வழி செய்ய வேண்டும். கோயில் நிர்வாகங்கள் அன்னதானத்தில் ஒரு காய்கறி கூட்டி, சர்பத்தில் சீனியைக் குறைக்கலாம். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்கள் சிற்றுண்டிச் சாலையைப் பார்வையிட வேண்டும்.

சிறுகச் சிறுகச் செய்வதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு, நம் பேராக் மண்ணிலேயே பதில் இருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர்கள் தெருவில் நின்ற காலம். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாய் ஏறி இறங்கி, தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாய்ப் பங்குப் பணம் சேர்த்தார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கூலிக்கு மரம் வெட்டியவர்கள் தோட்டத்துக்கே பங்குதாரர் ஆனார்கள். அன்று ஒருவர் தனியே பத்து வெள்ளியை வைத்துக்கொண்டு எதை வாங்கியிருக்க முடியும்? மாதாமாதம் கேட்க ஒருவர் இருந்தார், கூடப் போட நாலு பேர் இருந்தார்கள்.

நிலத்துக்காகச் சேர்ந்த கூட்டம், உடம்புக்காகவும் சேர முடியும். வருகிற ஞாயிறு முதல் பெரட்டை வையுங்கள். பெரிய கூட்டம் வேண்டாம், ஐந்து பேர் போதும். வராதவர் வீட்டுக் கதவைத் தட்டி, "என்னண்ணே, ஒடம்பு சரியில்லையா? வாங்க, கொஞ்சம் நடந்துட்டு வருவோம்" என்று கூப்பிடுங்கள். அந்த ஒரு கூப்பாடு ஒருவரின் காலைக் காப்பாற்றக்கூடும்.

செய்வோமா?