பதின்மூன்றாவது பெயர்

உயர்கல்வித் துறைச் செயலாளர் அவர்களுக்கு ஒரு திறந்த மடல்



விழுப்புரத்திலிருந்து ஆறேழு கிலோமீட்டர் தள்ளி, பம்பையாற்றங்கரையில் இருக்கிறது எங்கள் திருவாமாத்தூர். அபிராமேசுவரரும் முத்தாம்பிகையும் எதிரெதிரே குடியிருக்கும் ஊர். இங்கே திருவட்டப்பாறை என்று ஒரு கல் உண்டு. வழக்கு முற்றினால் அதன் முன்னால் வந்து சத்தியம் செய்வது பழைய வழக்கம். தம்பியின் பங்கை ஏமாற்றிய ஓர் அண்ணன் கதையைப் பெரியவர்கள் சொல்வார்கள். தங்கத்தைக் கைத்தடிக்குள் மறைத்துக்கொண்டு வந்தான். "இதைக் கொஞ்சம் பிடி" என்று தடியைத் தம்பியிடமே கொடுத்தான். பிறகு பாறையின் முன் நின்று, "தம்பியின் பொருள் எதுவும் என் கையில் இல்லை" என்று சத்தியம் செய்தான். சொன்ன வார்த்தையில் பொய் இல்லை. கடைசியில் தும்பூர்ப் பக்கம் பாம்பு கடித்து அவன் செத்தான் என்று கதை முடியும்.

கல்லூரி விளையாட்டு அணித் தேர்வுகளைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைத்தடிதான் ஞாபகம் வரும். "எல்லாம் விதிப்படிதான் நடந்தது" என்பார்கள். அதுவும் பொய்யாக இருக்காது. அந்த விதி எந்தத் தடிக்குள் இருக்கிறது என்பதுதான் தெரியாது.

நான் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியன். என்னிடம் படித்த ஒரு பையன் கூடைப்பந்தில் பாயிண்ட் கார்டு. தானாகக் கூடையில் போடுவதைவிட, போடுகிறவன் கைக்குப் பந்தைக் கொண்டுசேர்ப்பதுதான் அவன் வித்தை. வெளி மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் சேர்ந்தான். பல்கலைக்கழக அணிக்கான செலக்‌ஷன் என்று கூப்பிட்டார்கள். நண்பனின் ஷூவை இரவல் வாங்கி, காகிதம் திணித்துப் போட்டுக்கொண்டு, விடியற்காலை பஸ்ஸில் போனான். கொஞ்ச நேரம் லே-அப், பிறகு முன்பின் தெரியாத நாலு பேரோடு சேர்த்து ஒரு பத்து நிமிட ஆட்டம். இவன் கொடுத்த பந்துகளை அவர்கள் தவறவிட்டார்கள். தங்களுக்குக் கிடைத்த பந்தை எவனும் இவனுக்குத் தரவில்லை. அவனவன் தன் பெயருக்காக ஆடும் இடம் அது, அவர்களையும் குறை சொல்ல முடியாது. சாயங்காலம் ஷெட் வாசலில் பன்னிரண்டு பெயர் வாசித்தார்கள்.

போன் வந்தது. "என் பேரு வரல சார். ஏன்னு கேக்கட்டுமா?"

"கேக்காதடா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றேன். கேட்டால் அடுத்த வருஷமும் போய்விடும் என்ற பயம் எனக்கு. எந்தப் பல்கலைக்கழகம், எந்த வருஷம் என்று இப்போதும் சொல்லப்போவதில்லை. ஒருவரைக் கூண்டில் ஏற்ற இந்தக் கடிதம் எழுதவில்லை. அன்று அவனைக் கேட்க விடாத கேள்வியை இன்று நானே கேட்டுவிடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

பன்னிரண்டு பெயர்களில் முதல் ஆறேழு பெயர்களில் சண்டை வராது. அவர்கள் யார் என்பது மைதானத்தில் டீ விற்கிறவருக்கே தெரியும். சிக்கல் எல்லாம் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரைதான். வெளியே இருப்பவர்களுக்கு அது வெறும் பெஞ்ச். உள்ளே இருப்பவர்களுக்கு அது படிவம் 3. மத்திய அரசு வேலையின் விளையாட்டு ஒதுக்கீட்டில், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவருக்குத் தரப்படும் சான்று அது. நாற்பது நிமிடமும் ஓடியவனுக்கும் கடைசி இரண்டு நிமிடம் இறங்கியவனுக்கும் தாள் ஒன்றுதான். ஆகவே பன்னிரண்டாவது பெயருக்கும் பதின்மூன்றாவது பெயருக்கும் நடுவில் ஒரு குடும்பத்தின் சம்பளமே இருக்கலாம். அந்தக் கோட்டை எங்கே போட்டோம், ஏன் போட்டோம் என்று எழுதிவைக்க வேண்டாமா?

மேலே போகப் போக விதி தெளிவாகத்தான் இருக்கிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு நாட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது. மண்டலத்துக்கு முதல் நான்கு அணிகள், மொத்தம் பதினாறு, அகில இந்தியப் போட்டிக்குப் போகும். தென்மண்டலத்தில் ஐந்தாவதாக வந்த அணிக்கு ஏன் நின்றுபோனோம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அணிக்குள் ஆளை எடுக்கும் அடிப்படியில்தான் இருட்டு.

வெளிச்சத்தில் நடக்கும் தேர்வுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்துக்கு ஊரே வேலையை விட்டுவிட்டு உட்காரும் ஒரு போட்டி, ஆண்டுதோறும் மார்ச்சில் நடக்கிறது. முதல் நிலையில் 350க்கும் மேற்பட்ட கல்லூரிகள். 2011 முதல் போட்டிக்கு 68 அணிகள் என்றானது. 2025இல் அவற்றில் 31 இடங்கள், வட்டாரக் கூட்டமைப்புகளின் சாம்பியன்களுக்கு நேராகப் போயின. மீதி 37 அணிகளைப் பன்னிரண்டு பேர் கொண்ட குழு ஒன்று தேர்ந்தெடுத்தது. தன் கல்லூரியைப் பற்றிய பேச்சு வந்தால் அந்த உறுப்பினர் எழுந்து அறைக்கு வெளியே போய்விட வேண்டும். பட்டியல் அறிவித்த அன்றே குழுத் தலைவர் தொலைக்காட்சியில் உட்கார்ந்து, "அவர்களை ஏன் விட்டீர்கள்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறார். சில ஆண்டுகளில் அந்தப் பதில் யாருக்கும் திருப்தி தருவதில்லை. ஆனாலும் பதில் என்று ஒன்று வருகிறது.

அத்தகைய நேரடி இடங்களின் அருமை 2018 மார்ச் 16 அன்று தெரிந்தது. சிறிய வட்டாரக் கூட்டமைப்பு ஒன்றின் சாம்பியனாக மட்டுமே உள்ளே வந்த மேரிலாண்ட்-பால்டிமோர் கவுண்டி பல்கலைக்கழக அணி, தரவரிசையின் உச்சியிலிருந்த வர்ஜீனியாவை 74-54 என்று சாய்த்தது. ஆடவர் போட்டியில் பதினாறாம் தரநிலை அணி முதல் தரநிலை அணியை வென்றது அதுவே முதல் முறை. குழுவின் கண்ணை மட்டும் நம்பியிருந்தால் அந்த அணி உள்ளேயே வந்திருக்காது.

எனக்கு அதைவிடப் பிடித்தது வேறொன்று. தொற்றுக்காலத்தில், 2020 மார்ச் 12 அன்று, அந்த ஆண்டுப் போட்டியையே ரத்து செய்தார்கள். ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. தாங்களே 68 அணிகளைத் தேர்ந்தெடுத்து, கணினியில் ஆடவிட்டு, சாம்பியன்வரை கண்டுபிடித்தார்கள். விளையாட்டுத்தனம்தான். ஆனால் அது எப்படிச் சாத்தியமானது? வெற்றி தோல்வி, தரவரிசைப் புள்ளி, எதிரணியின் பலம் எல்லாம் ஊரறிந்த கணக்கு. தெரிந்த விதியை வைத்து யார் வேண்டுமானாலும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பட்டியலைப் போட்டுப் பார்க்கலாம். நேர்மையான தேர்வுக்கு எனக்குத் தெரிந்த ஒரே சோதனை இதுதான்: வெளியில் இருக்கிறவன் அதே கணக்கைப் போட்டால் ஏறக்குறைய அதே பட்டியல் வர வேண்டும். நம் கல்லூரி அணிகளில் எதையாவது அப்படிப் போட்டுப் பார்க்க முடியுமா?

எங்கள் மாவட்டத்துக்கு இது கூடுதல் அவசரம். விழுப்புரத்துக் கல்லூரிகள் வேலூரின் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தோடு இருந்தன. 2021இல் விழுப்புரத்துக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் வந்தது. அதே ஆண்டில் அதைச் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கச் சட்டம் வந்தது. நிர்வாகக் காரணங்கள் எனக்குத் தெரியாதவை, அவற்றில் தலையிடவில்லை. ஆனால் வாய்வழக்கில் ஓடும் விதி, பல்கலைக்கழகம் மாறும்போது கூடவே வராது. எழுதிய விதி வரும்.

நான் கேட்பது செலவில்லாத நான்கு காரியங்கள். எல்லா மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவான ஒரு சுற்றறிக்கை போதும்.

முதலாவது, எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதைத் தேர்வுக்குப் பதினைந்து நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும். உயரத்துக்கு இவ்வளவு, வேகத்துக்கு இவ்வளவு, கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் ஆடிய ஆட்டத்துக்கு இவ்வளவு என்று.

இரண்டாவது, ஆட்டத்தை எழுதிவைக்க வேண்டும். கூடைப்பந்தின் அதிகாரபூர்வ ஸ்கோர் ஷீட்டில் யார் கூடை போட்டான், யார் ஃபவுல் செய்தான் என்பது இருக்கும். பந்தைக் கொடுத்தவன் பெயர் அதில் இருக்காது, ரீபவுண்ட் எடுத்தவன் பெயரும் இருக்காது. என் பையனைப் போன்றவர்கள் அந்தத் தாளில் பிறக்கவே இல்லை. உடற்கல்வி மாணவர்கள் இரண்டு பேர், ஒரு நோட்டு, ஒரு பேனா இருந்தால் இந்தக் குறை தீரும். பத்து நிமிட ட்ரயலை நம்பி ஒருவனின் நாலு வருஷ உழைப்பை எடை போட வேண்டியிராது.

மூன்றாவது, தன் கல்லூரிப் பையனின் பெயர் வரும்போது அந்தத் தேர்வாளர் எழுந்து வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வரட்டும். யாரையும் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. நானும் தேர்வுக் குழுவில் உட்கார்ந்தவன்தான். என் பையன் பந்தைத் தொட்டாலே எனக்கு அது அழகாகத் தெரிந்தது. அது கண்ணின் குற்றம், மனிதனின் குற்றம் இல்லை.

நான்காவது, பன்னிரண்டு பெயரோடு ஸ்டாண்ட்பை வரிசையும் அனைவரின் மதிப்பெண்ணும் வெளியாக வேண்டும். தோற்றவனுக்குத் தோல்வி தாங்கும். எதில் தோற்றோம் என்று தெரியாததுதான் தாங்காது. டிஃபன்ஸில் குறைவு என்று தெரிந்தால் மறுநாள் காலை ஐந்து மணிக்கு டிஃபன்ஸ் பழகுவான். ஒன்றும் தெரியாவிட்டால், "நமக்கு ஆள் இல்லை" என்று முடிவுகட்டி ஷூவை நண்பனிடம் திருப்பிக் கொடுத்துவிடுவான்.

அவன் அப்படித்தான் கொடுத்தான். அடுத்த வருஷம் செலக்‌ஷனுக்குப் போகவில்லை. இப்போது ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. லீவில் வந்தால் பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்துப் போர்டின் கீழே சின்னப் பையன்களுக்குப் பந்து கொடுத்துக்கொண்டிருக்கிறான். நல்ல பாஸ்கள். இப்போதும் எவனும் எழுதிவைப்பதில்லை.

சுற்றறிக்கை போட்டால் கூடவே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்த மதிப்பெண் தாளை அலுவலகத்துக்குள் கண்ணாடி போட்ட நோட்டீஸ் போர்டில் பூட்டிவைக்க வேண்டாம். கைபேசியில் படம் எடுக்கும் உயரத்தில், வெளிச்சமுள்ள சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். மீதிக் கணக்கைப் பையன் பஸ்ஸில் வரும்போதே போட்டுப் பார்த்துக்கொள்வான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
திருவாமாத்தூர், விழுப்புரம் மாவட்டம்.