யாரைக் கேட்டுத் தோண்டுகிறீர்கள்?

முசஃபா சனையாவில் வேலை முடிந்து சுலைமானி குடித்துக்கொண்டிருந்தோம். நண்பர் கைபேசியை நீட்டினார். சட்டை மாட்டிய சிம்பன்சிக் குட்டி ஒன்று யார் வீட்டு வரவேற்பறையிலோ பழம் தின்றுகொண்டிருந்தது. "பாவம் சார், இதையெல்லாம் காட்டில் விட்டுவிட்டு, மனிதர்களை அங்கிருந்து வெளியேற்ற வேண்டும்" என்றார்.

முதல் பாதி சரி. குட்டியைப் பிடிக்கத் தாயைக் கொல்வார்கள். ஆபத்தான காட்டு விலங்குகளை வீட்டில் வளர்ப்பதை அமீரகத்தின் 2016ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. இரண்டாம் பாதிதான் நம்மைப் போன்ற படித்தவர்களின் வியாதி.

இந்தியாவின் ஒரே வாலில்லாக் குரங்கு ஹூலக் கிப்பன். மரத்தைவிட்டு இறங்க விரும்பாது. கைகளால் கிளைக்குக் கிளை ஊசலாடியே போகும். அசாமின் தின்சுகியா மாவட்டத்தில் பரேகுரி என்ற ஊரில் சரணாலயமும் கிடையாது, வேலியும் கிடையாது. மோரான் மக்கள் தோட்டத்து மரங்களை வெட்டாமல் வைத்திருக்கிறார்கள். கிப்பன்கள் அங்கே தலைமுறைகளாகக் குடும்பம் நடத்துகின்றன. அதே அசாமில் ஹோல்லோங்காப்பார் 1997 முதல் சரணாலயம். அதை இரண்டாகப் பிளந்துகொண்டு ரயில் ஓடுகிறது. இந்தப் பக்கத்துக் கிப்பன்களையும் அந்தப் பக்கத்துக் கிப்பன்களையும் அது பிரித்துவிட்டது. எங்கே மனிதர்களால் ஆபத்து, சொல்லுங்கள்?

2020 மே 27 அன்று, பரேகுரிக்குப் பக்கத்தில் பாக்ஜானில் ஆயில் இந்தியாவின் எரிவாயுக் கிணறு வெடித்தது. ஜூன் 9இல் தீப்பிடித்தது. முழுதாக அடக்க நவம்பர் ஆனது. ஆயிரக்கணக்கானோர் வீட்டைவிட்டு முகாம்களுக்குப் போனார்கள். அதே ஆண்டு ஜனவரியில்தான், எண்ணெய், எரிவாயு ஆய்வுப் பணிகளுக்கு மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று மத்திய அரசு விதியை மாற்றியிருந்தது. பாக்ஜான் கிணறு பழையது. அதற்கு இந்த விதி காரணமல்ல. ஆனால் இனி புதிதாகத் துளையிட்டுப் பார்க்க வருகிறவர்கள், மரத்தைக் காத்தவர்களைக் கேட்கவே வேண்டாம்.

எண்ணெய்க் கம்பெனிகளுக்கு மென்பொருள் வேலை செய்துதான் நானும் சோறு தின்கிறேன். இங்கே ஒரு சர்வரை ஐந்து நிமிடம் நிறுத்த, அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு பிரிவிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்குகிறோம். ஓர் ஊருக்குப் பக்கத்தில் பூமியைத் துளைக்க ஊராரின் ஒப்புதல் வேண்டாமா?

நண்பரே, அந்தக் காணொளியை இன்னும் நூறு பேருக்கு அனுப்பாதீர்கள். கருத்துக்கேட்பைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி உங்கள் ஊர் எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நான் எழுதிவிட்டேன்.