மீதி 267 நாளுக்கு யார் பொறுப்பு?

பால் நிறுக்கும் கொட்டகையில் வாளியோடு வரிசையில் நிற்கும் பெண்களின் பேச்சை நம் தோழர்கள் கேட்டிருப்பார்கள். மழையும் பால் விலையும் இரண்டு வார்த்தையில் முடிந்துவிடும். பிள்ளைப் பேச்சு முடியாது. மகனுக்குக் கீழ்ப்பல் இரண்டு முளைத்துவிட்டது, மாரைக் கடிக்கிறான் என்பாள் ஒருத்தி. தன் மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நாலடி வைத்துவிட்டாள், இனி அடுப்படியில் எதையும் கீழே வைக்க முடியாது என்பாள் இன்னொருத்தி. மூன்றாமவள் ஒன்றும் சொல்லமாட்டாள். இராத்திரி மூன்று முறை எழுந்தவள் நின்றபடியே கண்ணயர்ந்திருப்பாள். ஆபீசுக்குள் கணக்கு எழுதும் கிராணியின் வீட்டிலும் கதை இதுதான். மேசைக்குப் பின்னால் இருப்பவருக்கும் மரத்தடியில் நிற்பவருக்கும் சம்பளத்தில் வேற்றுமை உண்டு; பத்து மாதப் பிள்ளை இராத்திரி இரண்டு மணிக்கு வீறிட்டு அழும்போது யாதொரு வேற்றுமையும் கிடையாது.

இதெல்லாம் வீட்டுச் சமாசாரம், தொழிற்சங்கப் பத்திரிகையில் எழுத இதில் என்ன இருக்கிறது என்று கேட்கும் தோழர்களும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்ல விரும்புகிறோம்.

2023 சனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவில் தொழிலாளப் பெண்ணுக்குப் பிரசவ லீவு 98 நாள். அதற்கு முன் 60 நாளாக இருந்தது. கர்ப்பிணியாய் இருக்கிறாள் என்பதற்காக அவளை வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது என்றும் அந்தத் திருத்தம் சொல்கிறது. தகப்பனுக்கும் சம்பளத்தோடு 7 நாள் லீவு உண்டு. ஒரே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும், முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டும். நல்ல காரியம். இதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால், வருடத்துக்கு 365 நாள். 98 போக மீதி 267. பிரசவத்துக்கு முன் 30 நாள் வரை லீவைத் தொடங்கலாம் என்பதால், பிள்ளையைக் கையில் வைத்திருக்கும் நாள் இன்னும் குறைந்தாலும் குறையும். பிள்ளை முதல் பிறந்த நாளைக் காணும் வரை அந்த 267 நாளும் தாய் விடியுமுன் நிரையில் இருப்பாள். பிள்ளை எங்கே இருக்கும்? யார் கையில் இருக்கும்? என்ன குடிக்கும்? இதற்குப் பதில் சொல்லவேண்டிய பொறுப்பைத்தான் எல்லாரும் அந்தத் தாயின் தலையிலேயே போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

98 நாள் என்பது சரியாக 14 வாரம். உலகத் தொழிலாளர் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் நிறைவேற்றிய 183ஆவது ஒப்பந்தத்திலும் இதே 14 வாரந்தான் குறைந்த அளவு. அதே ஒப்பந்தத்தில் இன்னொரு விதியும் இருக்கிறது. வேலைக்குத் திரும்பிய தாய்க்குப் பிள்ளைக்குப் பால் கொடுக்கத் தினமும் இடைவேளை வேண்டும், அந்த நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கிட்டுச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்கிறது அது. மலேசியா அந்த ஒப்பந்தத்தை ஏற்றுக் கையெழுத்திடவில்லை. நமது வேலைச் சட்டத்தில் 14 வாரம் வந்துவிட்டது. பால் கொடுக்கும் இடைவேளை வரவில்லை. நம் பாட்டன் பாட்டி கப்பலேறி வந்தார்களே, அந்த இந்தியாவில் 1961ஆம் ஆண்டு வந்த மகப்பேறு நலச் சட்டமே, பிள்ளைக்கு 15 மாதம் ஆகும் வரை நாளுக்கு இரண்டு இடைவேளை கொடுத்தது என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறோம்.

பால்வெட்டுக்காரிக்கு இந்த இடைவேளை புதிதல்ல. ஆயாக் கொட்டகை நன்றாக நடந்த தோட்டங்களில், மரம் வெட்டி முடித்துப் பால் எடுக்கப் போகுமுன் கிடைக்கும் நேரத்தில் தாய்மார்கள் ஓடிவந்து பிள்ளைக்கு மார் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்த இடைவேளையைத் துரை கொடுக்கவில்லை, மரம் கொடுத்தது. பால் சொட்டி மங்கு நிறைய நேரம் வேண்டுமல்லவா! அந்தக் கொட்டகையைப் பற்றிப் பெருமை பேசவும் நாம் வரவில்லை. பழந்துணித் தொட்டில்கள் வரிசையாய்த் தொங்க, மரம் வெட்டத் தெம்பில்லாத ஒரு கிழவி அத்தனை பிள்ளைகளையும் ஒருத்தியாகச் சமாளித்த இடம் அது. ஈ மொய்க்கும். ஒன்றுக்குச் சளி பிடித்தால் எல்லாவற்றுக்கும் பிடிக்கும். ஆனாலும் பிள்ளை ஒரு கண்ணின் கீழே இருந்தது. தாய் நடந்து வரும் தூரத்தில் இருந்தது.

இன்று பல தோட்டங்களில் அந்தக் கொட்டகை உரமூட்டை அடுக்கும் இடமாகிவிட்டது. சில இடங்களில் கட்டடமே இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, கித்தா மரம் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின, நம் ஜனங்கள் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருக்கும் குடும்பங்களில் பிள்ளையைப் பார்ப்பது பாட்டி; பாட்டி இல்லாவிட்டால் பக்கத்து வீடு. பாட்டிக்கோ பாதி நாள் இனிப்புநீர் மயக்கம், முட்டி வலி. தவழும் பிள்ளையை விரட்டிப் பிடிக்க அவளால் ஆகுமா? ஆகாததால் கையில் டெலிபோனைக் கொடுத்து உட்காரவைக்கிறாள். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் திரையே வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. உண்மைதான், ஆனால் அந்தப் பாட்டியைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

இனி பால் விஷயம். தாய்ப்பாலை இரண்டு வயது வரை கொடுக்கலாம், ஆறு மாதத்திலிருந்து சோறு கஞ்சியும் சேர்க்க வேண்டும் என்று கிளினிக் மிஸ்ஸி சொல்லி அனுப்புகிறார். நாலாவது மாதத்தில் வேலைக்குத் திரும்பும் தாய்க்கு மார் கட்டி, காய்ச்சல் வந்து, சில வாரத்தில் பால் வற்றிவிடுகிறது. பிறகு பால் மாவு. மாவு விலை தெரிந்த விஷயம். மாதக் கடைசியில் கரண்டி குறைகிறது, தண்ணீர் கூடுகிறது; அதுவும் முடியாதபோது காப்பிக்கு வாங்கிவைத்த டின் பாலைக் கரைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற அம்மையார், இனிப்பு டின் பாலைக் குழந்தை உணவென்று விற்பதைக் கண்டித்துப் பேசினார். அந்தப் பேச்சுக்கு அவர் வைத்த தலைப்பு ‘பாலும் கொலையும்’. அன்றைய முதலாளிமாருக்கு அது கசந்திருக்கும். டின்னில் இருப்பது பெரும்பாலும் சர்க்கரை; பிள்ளையின் கன்னம் உப்பும், உடம்பில் பலம் இராது. இதை நம் பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும். தேனும் அப்படியே. நாக்கில் தேன் தடவுவது பெரியவர்கள் ஆசையாய்ச் செய்வதுதான். ஆனால் ஒரு வயது நிறையும் முன் தேன் ஆகாது, அதிலுள்ள ஒரு கிருமி பச்சைப்பிள்ளையின் நரம்பைத் தாக்கக்கூடும்.

ஆறு மாதத்துக்குப் பின் சோற்றுக்கஞ்சித் தெளிவு மட்டும் போதாது. தாயிடமிருந்து பிள்ளை கொண்டுவந்த இரும்புச்சத்து அந்நேரம் தீர்ந்துபோகிறது. முட்டை, மசித்த மீன், ஈரல், கீரை, பருப்பு, கேழ்வரகுக் கூழ் என்று கொடுத்துப் பழக்கினால் ஒரு வயதில் வீட்டில் ஆக்கியதையே உப்புக் காரம் குறைத்துச் சாப்பிடும். நெத்திலியை வறுத்து இடித்துக் கஞ்சியில் போடுகிறோம் என்கிறார்கள் சில தாய்மார்கள். செய்யட்டும், உப்பு நெத்திலியை முதலில் நன்றாகத் தண்ணீரில் ஊறவைத்துக்கொள்ளட்டும்.

எல்லாவற்றையும்விட நம்மைக் கவலைப்பட வைப்பது தவழும் காலம். ஒன்பது பத்து மாதத்தில் பிள்ளைக்குக் கை எட்டுவதெல்லாம் வாய்க்குத்தான். கிராணி வீட்டில் அது பேனாவாக இருக்கும், பொத்தானாக இருக்கும். பால்வெட்டுக்காரர் வீட்டில் என்ன இருக்கிறது? கதவு மூலையில் வெட்டுக்கத்தி. கட்டிலுக்கு அடியில் பால் உறைய வைக்கும் ஆசிட். அதற்குப் பக்கத்தில், சோடா போத்தலில் ஊற்றிவைத்த புல் மருந்து. பாராகுவாட் மருந்தை 2020 சனவரி 1 முதல் அரசாங்கம் தடை செய்துவிட்டது. தடைக்கு முன் வாங்கி யார் வீட்டில் எந்த மூலையில் மறந்துபோனதோ, அந்தப் போத்தலை அரசாங்கம் வந்து எடுத்துக்கொண்டு போகவில்லை. அந்த மருந்துக்கு முறிவு மருந்து கிடையாது. பெரிய ஆளுக்கே ஒரு மடக்குப் போதும். இன்றிரவே எல்லாரும் கட்டிலடியைக் குனிந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். எந்த மருந்தையும் குடிக்கும் போத்தலில் ஊற்றிவைக்காதீர்கள். ஏதேனும் நேர்ந்துவிட்டால் வாந்தியெடுக்க வைக்காமல், போத்தலையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இவ்வளவும் சொன்னபின் நிர்வாகத்தையும் கேட்கிறோம்: ஆசிட்டும் மருந்தும் தொழிலாளி வீட்டுக்கு ஏன் வரவேண்டும்? பூட்டிவைக்கத் தோட்டத்தில் ஓர் அறை கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

நாம் தினமும் பாலை நிறுக்கிறோம். கிலோவுக்குக் கீழே விழும் எண் தப்பினாலும் கணக்கப்பிள்ளையோடு சண்டை பிடிக்கிறோம். பிள்ளையின் எடை எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? பிறந்தபோது 3 கிலோ இருந்த பிள்ளை ஒரு வயதில் ஏறக்குறைய மூன்று மடங்கு, அதாவது 9 கிலோ அளவுக்கு வந்திருக்க வேண்டும். கிளினிக் புத்தகத்தில் அந்தக் கோடு ஏறுகிறதா, படுத்துவிட்டதா என்று பார்க்கத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்பதாவது மாதத்திலும் பன்னிரண்டாவது மாதத்திலும் தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ஜெர்மன் தட்டம்மை மூன்றுக்கும் சேர்ந்த ஊசி இருக்கிறது. ஊசி போட ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போகிறது என்று தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. அந்த ஒரு நாளைத் தகப்பன் ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்கில் உட்கார்ந்தால் ஆண்மை குறைந்துவிடும் என்று எந்தச் சாஸ்திரத்திலும் எழுதியிருப்பதாக நமக்குத் தெரியவில்லை. முதல் பிறந்த நாளுக்கு மண்டபம் பிடித்துக் கடன் வாங்கிக் கேக் வெட்டுவதில் மட்டும் தகப்பன்மார் முன்னால் நிற்கிறார்கள்! மாரியம்மன் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்தி, வந்தவர்களுக்குச் சோறு போட்டால் அந்தப் பிறந்த நாள் பிறந்த நாளாகாதா?

சரி, சங்கம் என்ன செய்யலாம்?

தொழிலாளர் வீட்டு வசதி பற்றிய 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டத்தில் பிள்ளைக் காப்பகத்துக்கு இடமிருக்கிறது. தோட்டத்தில் எத்தனை சிறு பிள்ளைகள் என்பதைப் பொறுத்து, காப்பகம் கட்டி நடத்தும்படி முதலாளிக்கு உத்தரவிடலாம். உத்தரவு தானாக வராது. பிள்ளைகளின் கணக்கை யாராவது எழுதிக் கொடுத்தால்தான் வரும். 1984ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டமும் இருக்கிறது. வெவ்வேறு வீட்டைச் சேர்ந்த, நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நான்கு பேரோ அதற்கு மேலோ கூலிக்குப் பார்த்துக்கொள்ளும் இடம் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது அது. ஆகவே, பழைய கொட்டகைக்கு வெள்ளையடித்து ஒரு கிழவியை உட்காரவைத்துக் கணக்கு முடிக்க நிர்வாகத்தை நாம் விடப்போவதில்லை.

இன்னொரு வழியும் உண்டு. 2023 திருத்தத்தின்படி, வேலை நேரத்தை மாற்றித் தரும்படி தொழிலாளி எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். நிர்வாகம் 60 நாளுக்குள் எழுத்து மூலமே பதில் தரவேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். இப்படி ஒரு விதி இருப்பதே பால்வெட்டுப் பெண்கள் பலருக்குத் தெரியாது. தெரிந்தாலும் கடிதம் எழுதுவது யார்? இங்கேதான் கிராணித் தோழர்களை நம்புகிறோம். உங்கள் வீட்டிலும் பிள்ளை அழுகிறது. பக்கத்து லயத்துப் பெண்ணுக்கு அரைப்பக்கக் கடிதம் எழுதிக் கொடுக்க உங்களுக்குப் பத்து நிமிடம் போதும்.

பால் கொடுக்கும் இடைவேளையோ சட்டத்தில் இல்லை. அதை ஒப்பந்தத்தில்தான் வாங்கவேண்டும். அதுவும் சம்பளத்தோடு வாங்கவேண்டும். கிலோ கணக்கில் கூலி வாங்குகிறவளிடம் சும்மா இடைவேளை என்று சொன்னால், பிள்ளைக்குப் பால் கொடுத்த நேரத்துக்கு நிறுவையில் அபராதம் கட்டுகிறாள் என்றுதான் பொருள்.

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு ஒவ்வொரு தோட்டத்துக் காரியதரிசியும் ஒரு தாள் கொண்டுவர வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை, நான்கு வயதுக்குட்பட்டவர்கள் எத்தனை, பகலில் பார்ப்பது யார், பழைய ஆயாக் கொட்டகை என்ன நிலையில் இருக்கிறது, மருந்தும் ஆசிட்டும் எங்கே வைக்கப்படுகின்றன. இந்த ஐந்தும் அதில் இருந்தால் போதும். தாய்மார்கள் பிள்ளையை விட்டுவிட்டு வர இடமில்லை என்று கூட்டத்துக்கு வராமல் இருக்க வேண்டாம், தூக்கிக்கொண்டே வாருங்கள். பிள்ளை அழுதால் பேசுகிறவர் சற்று நிறுத்திக்கொள்வார்.