அப்பாயியின் பெரட்டு

பள்ளி விடுமுறை நெருங்கினால் எங்கள் வானொலி நிலையத்துக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு ஒரே கேள்விதான்: "பிள்ளைகளை எங்கே கூட்டிப் போகலாம்?" பதிலுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. ஈயம் தோண்டிய பழைய நிலத்தில் எழுந்த சன்வே லகூன் 1993-இல் திறக்கப்பட்டது. ஜொகூருக்கு லெகோலேண்ட் 2012-இல் வந்தது. ஈப்போ பக்கம் சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே தம்பூன் இருக்கிறது. கெந்திங் மலையில் ஸ்கைவோர்ல்ட்ஸ் 2022-இல் திறந்தது. இடம் தேர்ந்தெடுப்பது சுலபம். பத்தொன்பது பேராகப் போய்ப் பத்தொன்பது பேராகத் திரும்புவதுதான் பெரும்பாடு.

பத்தொன்பது என்பது எங்கள் குடும்பக் கணக்கு. பெரியவர்கள் பதினொருவர், பிள்ளைகள் எட்டு, வண்டிகள் மூன்று. காலை ஏழு மணிக்குப் புறப்பாடு என்று சித்தப்பா புலனக் குழுவில் மூன்று முறை எழுதியிருந்தார். வண்டி நகர்ந்தபோது மணி எட்டே முக்கால். நாங்கள் போன நீர்ப்பூங்காவின் பெயர் இங்கே தேவையில்லை. நடந்ததில் பூங்காவின் குற்றம் எதுவும் இல்லை.

நுழைவாயிலிலேயே இரண்டு தடங்கல். வெளிச்சாப்பாடு உள்ளே கூடாது என்றார்கள். பெரியம்மா விடியற்காலையில் எழுந்து கிளறிய புளிச்சோறும் பொரித்த முட்டையும் வண்டிக்கே திரும்பின. அடுத்து, பஞ்சாபி உடையோடு குளத்தில் இறங்க வந்த அத்தையை ஊழியர் பணிவாக நிறுத்தினார். நீச்சலுடை கட்டாயம். உள்ளேயிருந்த கடையில் விலையைப் பார்த்த அத்தை, "இந்த வெலைக்குத் தீபாவளிச் சேலையே எடுத்துடலாம்" என்று சொல்லிவிட்டு, ஆனாலும் வாங்கினார்.

எழுபத்தாறு வயது அப்பாயிக்கு நாங்கள் ஒதுக்கிய வேலை பைக்காவல். பெரிய குடும்பம் எங்கே போனாலும் இந்த வேலைக்கு ஓர் ஆள் வேண்டும். அது பெரும்பாலும் வீட்டின் மூத்த பெண்ணாகத்தான் இருக்கும். குடிலில் நாற்காலி போட்டு, பதினான்கு பைகளுக்கு நடுவே அவரை உட்கார வைத்துவிட்டு எல்லாரும் தண்ணீருக்கு ஓடினார்கள்.

பதினொன்றரை மணிக்கு அலைக்குளம் நிரம்பி வழிந்தது. நான் பூங்காவின் மறுகோடியில், தங்கை பிள்ளைகளோடு சறுக்கு வரிசையில் நின்றிருந்தேன். கைப்பேசியில் மாமாவின் குரல்: "சின்னவன் அங்க இருக்கானா?" இல்லை. சின்னவன் என்பது அக்காவின் கடைசிப் பையன். வயது ஆறு.

முதலில் கண்டுபிடித்தவர் அப்பாயி. குடிலில் உட்கார்ந்தபடியே அவர் காலையிலிருந்து தலைகளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். "ஒரு தலை கொறையுது" என்று அவர் குரல் கொடுக்கும்வரை யாருக்கும் தெரியாது. அக்கா, பிள்ளை மாமாவிடம் இருப்பதாக நினைத்தார். மாமா, பெரிய பையன்கள் பார்த்துக்கொள்வதாக நினைத்தார். பெரிய பையன்களோ, அவன் சித்தப்பாவோடு ஐஸ்கிரீம் வாங்கப் போய்விட்டதாக நினைத்தார்கள். குளத்தைச் சுற்றி ஏழு பெரியவர்கள் இருந்தார்கள்.

எல்லாரும் ஐஸ்கிரீம் கடைப் பக்கம் ஓடப் பார்த்தபோது அப்பாயி தடுத்தார். "மொதல்ல தண்ணிய பாருங்க. கடையில இருந்தா அவன் எங்கயும் போயிட மாட்டான்." உயிர்காப்பாளரிடம் சொல்லச் சொன்னதும் அவர்தான். ஊழியர் விசில் ஊதினார், கையடக்கக் கருவியில் அடையாளம் சொன்னார். நான் ஓடி வந்து சேர்ந்தபோது அக்கா குளக்கரையில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பெயரைக் கூப்பிடக்கூட அவருக்குக் குரல் வரவில்லை.

பதினொரு நிமிடத்தில் பதில் வந்தது. தலைக்கு மேல் வாளி கவிழும் சிறுவர் பகுதியில் அவன் இருந்தான். ஓர் ஊழியர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா பேர் என்ன என்று கேட்டதற்கு "அம்மா" என்றானாம். அப்பா பேர் "அப்பா".

அதற்குப் பிறகு நடக்கவிருந்த சண்டையை உங்களால் ஊகிக்க முடியும். "நீங்க பாத்துக்கிறீங்கன்னுதானே போனேன்" என்று அக்கா தொடங்க, மாமா முகம் சிவந்தது. அப்பாயி இரண்டு பேரையும் உட்காரச் சொன்னார். பிறகு எங்கள் பதினெட்டுப் பேரையும் மரத்தடியில் வரிசையாக நிறுத்தினார்.

தோட்டத்தில் வளராத இளையவர்களுக்கு ஒரு வார்த்தை. விடியும் முன் வேலையாட்களை ஓரிடத்தில் கூட்டிப் பெயர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். பால்மரம் வெட்டிய காலமெல்லாம் அப்பாயி அந்த வரிசையில் நின்றவர். அன்று அவரே கிராணி. மணிக்கு ஒரு தடவை அதே மரத்தடியில் பெரட்டு என்று அறிவித்தார். தன் சிவப்புத் துண்டை எடுத்து மாமாவின் தோளில் போட்டார். துண்டு யார் தோளில் இருக்கிறதோ அவர்தான் பிள்ளைகளுக்குப் பொறுப்பு. கைப்பேசி கூடாது, அரட்டை கூடாது. இருபது நிமிடம் கழித்துத் துண்டை அடுத்தவர் தோளில் போட்டு, "இனி நீ" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

தொடர்புத்துறை படித்தபோது வந்த ஒரு பாடம் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. 1968-இல் ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பக்கத்து அறையில் ஒருவர் வலிப்பில் துடிக்கும் குரலைக் கேட்க வைத்தார்கள். தான் மட்டுமே கேட்பதாக நம்பியவர்களில் 85 விழுக்காட்டினர் அந்தக் குரல் ஓய்வதற்குள் உதவி தேடினார்கள். இன்னும் நால்வர் கேட்பதாக நம்பியவர்களில் அது 31 விழுக்காடுதான். அவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். ஆள் கூடக் கூட, ஒருவருக்கு வரும் பொறுப்பின் பங்கு குறைந்துபோகிறது. கூட்டுக் குடும்பத்தின் பலமே தண்ணீர்க்கரையில் பலவீனமாகிவிடும்.

தண்ணீர் விளையாட்டு விஷயமல்ல. 2021-இல் உலகில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். மூழ்கும் பிள்ளை சினிமாவில் வருவதுபோலக் கத்தாது. மூச்சுக்கே வாய் போதாதபோது குரல் எங்கிருந்து வரும்?

ஆகவே அடுத்த விடுமுறைக்குச் சில யோசனைகள். நீந்தத் தெரியாத சின்னப் பிள்ளை தண்ணீரில் இருந்தால், கை எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் இருக்கட்டும். மிதவை வளையத்தை நம்பிவிட வேண்டாம். நீச்சலுடை வாங்கும்போது நீலமும் வெள்ளையும் தவிர்த்துவிடுங்கள், தண்ணீருக்குள் அவை கண்ணில் படா. ஆரஞ்சு, இளஞ்சிவப்பு நல்லது. உள்ளே நுழைந்ததும் அன்றைய உடையில் பிள்ளையை ஒரு படம் எடுத்து வையுங்கள். காணாமல்போனால் முதலில் தண்ணீரைப் பாருங்கள், உடனே ஊழியரிடம் சொல்லுங்கள்.

பிற்பகலில் எங்கள் பெரட்டு நான்கு முறை நடந்தது, நான்கு முறையும் கணக்குச் சரி. வண்டி நிறுத்துமிடத்தில் ஆறிப்போன புளிச்சோறு ஒரு பருக்கை மிஞ்சவில்லை. கடைசி ஒரு மணி நேரம் பைக்காவல் மாமாவுக்குப் போனது. அப்பாயி சின்னவனோடு குதிரை ராட்டினத்தில் இரண்டு சுற்று சுற்றினார், மூன்றாவதற்கும் வரிசையில் நின்றார்.

நுழைவுச்சீட்டு வாங்குவது பிறகு இருக்கட்டும். இன்றிரவு சாப்பிட உட்காரும்போது உங்கள் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்: அம்மாவின் முழுப்பெயர் என்ன, அப்பாவின் கைப்பேசி எண் என்ன? திணறினால் நாளையிலிருந்து பாட்டுப்போலச் சொல்லிக்கொடுங்கள். எங்கள் சின்னவனுக்கு இரண்டே நாளில் மனப்பாடமாகிவிட்டது.