கழல மறுக்கும் பிரேக் டிஸ்க்

காரின் சக்கரத்தைக் கழற்றியாயிற்று, காலிப்பரும் அகன்றுவிட்டது. பிரேக் டிஸ்க் மட்டும் அசைய மறுக்கின்றதா? கடற்கரையூர்களில் கார் வைத்திருப்போர் இத்தொல்லையை நன்கறிவர். டிஸ்க்குக்கும் ஹப்புக்கும் இடையே உப்புக்காற்றால் ஏறிய துருவே அதனைப் பற்றிக்கொண்டிருக்கின்றது.

உடனே சம்மட்டியைத் தேடாதீர்கள். ஓங்கி விழும் ஒவ்வோர் அடியும் உள்ளிருக்கும் பேரிங்கில் போய் இறங்கும். பின்னர்ச் சக்கரம் இரையத் தொடங்கினால் அச்செலவும் உங்களுடையதே.

முதலில் டிஸ்க்கின் முகத்தை உற்று நோக்குங்கள். சில ஜப்பானியக் கார்களில் அதனைச் சிறு திருகாணிகள் ஹப்புடன் பிணைத்திருக்கும்; அவற்றைக் கழற்றாமல் என்ன செய்தும் பயனில்லை. பின்சக்கரமாயின், மற்றச் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்துவிட்டுக் கைபிரேக்கைத் தளர்த்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் காரின் அடியில் உறுதியான தாங்கி இருத்தல் வேண்டும். காலிப்பரை அதன் ரப்பர்க் குழாயில் தொங்கவிடாது கம்பியால் கட்டி வையுங்கள்.

பல டிஸ்க்குகளில் மரையிட்ட இரு வெற்றுத் துளைகளும் உண்டு. அவை கழற்றுவதற்கென்றே அமைந்தவை. பெரும்பாலும் 8 மி.மீ. போல்ட் பொருந்தும். துரு இளக்கும் எண்ணெயை ஹப்பைச் சுற்றி விட்டுச் சற்றுப் பொறுத்து, இரு போல்ட்டுகளையும் மாறி மாறிக் கால் சுற்றாக முறுக்குங்கள். டிஸ்க் சாயாமல் விலகி வரும்.

மீண்டும் பூட்டுமுன் ஹப்பின் முகத்தைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். எஞ்சிய துரு டிஸ்க்கைக் கோணலாக நிறுத்தும். மிதிக்கும்போது பெடல் அதிரும். டிஸ்க்கின் உரசும் பரப்பில் எண்ணெய்ப் பிசுக்கு ஒரு துளியும் இருக்கலாகாது. பிரேக் பிடிக்காமற் போகும்.