மூட்டைக்கு இன்னொரு தோளா?

மே மாதம் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வருகிறது. ஜூனில் ப்ளஸ் ஒன் வகுப்பு தொடங்குகிறது. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள சில வாரங்களில்தான் மட்டாஞ்சேரித் தமிழ்ப் பிள்ளைகள் பலர் காணாமல் போகிறார்கள். ஊரை விட்டு ஓடிப் போவதில்லை. தேடினால் கிடைப்பார்கள்: பஜாரின் மிளகுக் கிடங்கில், ஓட்டல் சமையற்கட்டில், கட்டிடச் சாரத்தின் மேல், வேலி தோபிக்கானாவின் இஸ்திரி மேசைக்குப் பின்னால். மார்ச்சில் ஹால் டிக்கெட் பிடித்த கை ஜூலையில் கொக்கி பிடிக்கிறது. யாரும் அடித்து இழுத்துச் செல்லவில்லை. "லீவில் சும்மாதானே இருக்கிறான், ரெண்டு மாசம் நிற்கட்டும்" என்ற ஒரு சொல்லில் காரியம் முடிந்துவிடுகிறது. அந்த இரண்டு மாதம் இருபது வருடமாக நீண்ட கதையை நம் சந்துகளில் வீட்டுக்கு வீடு கேட்கலாம்.

இதற்குச் சாதாரணமாகச் சொல்லப்படும் நியாயம் ஒன்று உண்டு. "பத்து படித்தாயிற்று, இனி என்ன கலெக்டரா ஆகப்போகிறான்? கையில் தொழில் இருந்தால் போதும்." கடைக்கார அண்ணாச்சியும் இதைச் சொல்கிறார், மேஸ்திரியும் சொல்கிறார். அவர்கள் சொல்வதில் நமக்கு ஆச்சரியமில்லை. பதினாறு வயதுப் பையன் முழு ஆள் வேலை செய்வான், அரை ஆள் கூலி வாங்குவான், எதிர்த்துப் பேசமாட்டான். ஆனால் அதே சொல் பெற்ற வாயிலிருந்தும் வருகிறதே, அதைத்தான் நாம் இங்கே எடுத்துப் பேச வேண்டியிருக்கிறது.

பெற்றோருக்குப் பாசம் இல்லை என்று நாம் சொல்லவில்லை. வாடகை, ஊரில் வாங்கிய கடன், தங்கச்சி கல்யாணம், மழைக்காலத்தில் வேலையில்லாத நாட்கள், இவற்றுக்கிடையே பையன் கொண்டுவரும் கூலி பெரிய தொகை. படிக்கப்போகும் பிள்ளை செலவு மட்டும் வைப்பதில்லை, வந்திருக்கக்கூடிய வரவையும் நிறுத்துகிறான். இந்தக் கணக்கை மறைத்துவிட்டு "கல்வியே செல்வம்" என்று மேடையில் முழங்குகிறவர்களோடு நமக்கு உறவில்லை. இங்கிலாந்து அரசாங்கமே ஒரு காலத்தில் இந்தக் கணக்கை ஒப்புக்கொண்டது. 2004-ல் அங்கே ஏழைக் குடும்பத்துப் பதினாறு வயதுப் பிள்ளைகள் கல்லூரியில் தொடர்ந்து படிக்க வாரம் 10 முதல் 30 பவுண்டு வரை கையில் கொடுக்கத் தொடங்கினார்கள். 2011-ல், சிக்கனம் என்ற பெயரில், அடுத்து வந்த ஆட்சி அதை நிறுத்தியது. பணக்கார தேசத்துத் தொழிலாளிக்கே அது போராடிக் காக்கவேண்டிய உரிமையாக இருந்ததென்றால், நமக்கு அதைக் கேட்கக்கூடத் தெரியவில்லை என்பதுதான் கசப்பு.

நம் சட்டத்தைப் பாருங்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயது முதல் பதினாலு வயது வரைதான் பேசுகிறது. 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பதினாலுக்கு மேல் பதினெட்டுக்குள் இருப்பவர்களை அபாயமான தொழில்களில் மட்டும்தான் தடுக்கிறது. பதினைந்து முடிந்த பிள்ளை படிக்கிறானா இல்லையா என்று கதவைத் தட்டிக் கேட்க எந்த அதிகாரிக்கும் கடமையில்லை. அந்த வயதில் பிள்ளைக்கு அரசாங்கம் நாம்தான்.

இந்த மட்டாஞ்சேரி மண்ணில் கூலிக்காரனுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. துறைமுகத்தில் அந்நாளில் 'சாப்பா' முறை இருந்தது. வேலைக்கு வந்து கூடி நிற்கும் தொழிலாளர் கூட்டத்தின் நடுவே கங்காணி உலோக வில்லைகளை வீசியெறிவான். முட்டி மோதிப் பொறுக்கியவனுக்கு அன்று வேலை, மற்றவனுக்குப் பட்டினி. அதை ஒழிக்க நடந்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று போலீஸ் துப்பாக்கி வெடித்தது. அந்தப் போராட்டத்தில் மூன்று தொழிலாளிகள் உயிரைக் கொடுத்தார்கள். சாப்பா ஒழிந்தது. ஆனால் விடியற்காலையில் தோப்பும்படியிலும் வாத்துருத்தியிலும் போய்ப் பாருங்கள். சாலையோரம் தூக்குச் சட்டியோடு நின்று, வண்டியில் வருகிறவன் விரல் நீட்டும் ஆளாக நாம் ஆவோமா என்று காத்திருப்பவர்களில் தமிழ் பேசுகிறவர்கள் எத்தனை பேர்? வில்லைதான் இல்லை. அந்த வரிசையில் மகனையும் கொண்டுபோய் நிறுத்தவா நாம் ஊரை விட்டு வந்தோம்?

இனி இரண்டு அரசாங்கங்களிடம் வருவோம்.

சென்னையில் இருப்பவர்கள் உலகத் தமிழர் என்ற சொல்லை அடிக்கடி பயன்படுத்துகிறார்கள். 2022-ல் புதுமைப் பெண் திட்டமும், 2024-ல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் தொடங்கப்பட்டன. உயர்கல்வி படிக்கும் பிள்ளைக்கு மாதம் ஆயிரம் ரூபாய். நல்ல காரியம், நாம் குறை சொல்லவில்லை. ஆனால் நிபந்தனை என்ன? ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டுப் பள்ளியிலே, அதுவும் அரசுப் பள்ளியிலே, பின்னால் சேர்த்த திருத்தப்படி அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலே, படித்திருக்க வேண்டும். 2020-ல் மருத்துவப் படிப்புக்கு வந்த 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டுக்கும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிதான் அளவுகோல். தமிழ் வழியில் படித்தோருக்கு அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் 2010-ஆம் ஆண்டுச் சட்டமும், 2020 திருத்தத்துக்குப் பிறகு, பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ் வழியில் இருக்க வேண்டும் என்கிறது. மூட்டை தூக்க கொச்சிக்கு வந்தவனின் மகள் மட்டாஞ்சேரியில் மலையாளப் பள்ளியில் படித்தாள் என்றால், வாக்காளர் பட்டியலில் தகப்பன் பேர் ஊரில் இருந்தாலும் சரி, அவள் இந்தக் கணக்குகளில் தமிழச்சி இல்லை.

கேரளத்தில் என்ன நிலை? ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்து மாநிலம் விட்டு மாநிலம் வந்தவர், வந்த இடத்தில் பட்டியல் சாதி இடஒதுக்கீடு கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-ல் ஒரு வழக்கில் சொன்னது. 2018-ல் ஐந்து நீதிபதிகள் அமர்ந்து அதையே உறுதி செய்தார்கள். சாதிக் கொடுமை வாளையாறு செக்போஸ்டில் இறங்கிக்கொள்கிறதா என்று நாம் கேட்கிறோம். அதே கடைத்திண்ணை, அதே ஏளனப் பேச்சு, அதே கூலி. சலுகை மட்டும் எல்லை தாண்டக்கூடாதாம். இங்கே ஆகாது, அங்கேயும் ஆகாது என்ற நடுத்தெருவில் நிற்பது நம் பிள்ளைகள்தான்.

ஆனால் சட்டத்துக்குள்ளேயே கிடைக்கக் கூடியதை நாம் விட்டுக்கொண்டிருப்பதும் உண்மை. 1950 ஆகஸ்ட் 10 குடியரசுத் தலைவர் ஆணைக்கு முன்பே இங்கே குடியேறி, அந்தச் சாதி கேரளப் பட்டியலிலும் இருந்தால், அந்தக் குடும்பம் வந்தேறிக் கணக்கில் வராது. தோபிக்கானாவைச் சுற்றியுள்ள தெருக்களில் தலைமுறை தலைமுறையாக வாழும் குடும்பங்கள் எத்தனை! எந்தச் சாதியானாலும், இந்த ஊரில் வேர் பழையது என்று காட்டும் தாள் ஒரு நாள் உதவும். தாத்தாவின் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, பழைய வரி ரசீது, வாடகைச் சீட்டு எதுவானாலும் தகரப் பெட்டியிலிருந்து எடுத்து வைக்க வேண்டும். பின்னால் வந்தவர்களுக்கும் ஒன்று சொல்கிறோம். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பட்டியல் சாதிப் பிள்ளைகளுக்கான மத்திய அரசுத் திட்ட உதவித்தொகையை, பிள்ளை எந்த மாநிலத்தைச் சேர்ந்தவரோ அந்த மாநிலமே தர வேண்டும் என்பது விதி. கொச்சியில் படிக்கும் திருநெல்வேலிப் பிள்ளை தமிழ்நாட்டிடம் கேட்கலாம். கேட்டவர் எத்தனை பேர்?

இந்த இடத்தில் நம் சங்கங்களையும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. பொங்கல் விழாவுக்குப் பந்தல், ஒலிபெருக்கி, ஊரிலிருந்து வரும் பேச்சாளருக்கு சால்வை, வாசலில் தலைவர் படம் போட்ட ப்ளெக்ஸ். எல்லாம் நடக்கிறது. ஜூன் மாதம் ஒரு நோட்டுப் புத்தக விநியோகம், ஒரு போட்டோ. அக்ஷயா மையத்தில் விண்ணப்பம் போடத் தெரியாமல் நிற்கும் அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்க ஓர் ஆள் இல்லை. பந்தல் செலவில் கால்பங்கு போதும், இந்தத் தெருக்களின் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் அலாட்மெண்ட் முடியும்வரை துணை நிற்கலாம்.

அந்த அலாட்மெண்ட்டைப் பற்றிப் பேசுவோம், ஏனெனில் இங்கேதான் அதிகம் இழக்கிறோம். ஏகஜாலகம் என்ற ஒற்றைச் சாளர முறை 2008 முதல் கேரளம் முழுவதும் நடப்பில் இருக்கிறது. ஒரே விண்ணப்பத்தில் பல பள்ளிகளையும் பாடப்பிரிவுகளையும் விருப்ப வரிசையில் எழுத வேண்டும். மதிப்பெண்ணையும் வரிசையையும் வைத்து இடம் ஒதுக்கப்படும். இந்த வரிசையை அக்ஷயாக்காரர் அவசரத்தில் போட்டுவிடக் கூடாது, பிள்ளையும் பெற்றோரும் வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு போக வேண்டும். முதல் விருப்பம் கிடைக்காமல் கீழே உள்ளது கிடைத்தால், தற்காலிகமாகச் சேர்ந்துகொண்டு அடுத்த அலாட்மெண்ட்டுக்குக் காத்திருக்கலாம். ஆனால் ஒதுக்கிய பள்ளிக்குக் குறித்த நாளுக்குள் போகாவிட்டால் பின்வரும் அலாட்மெண்ட்டுகளில் பெயரே வராது. அன்று சாப்பா வீசும் இடத்தில் நிற்காதவனுக்கு வேலையில்லை. இன்று அலாட்மெண்ட் நாளில் நிற்காதவனுக்கு இடமில்லை. நம்மவர்களோ சரியாக அந்த வாரத்தில்தான் கோயில் கொடைக்கு ஊருக்குப் போகிறார்கள். விண்ணப்பத்தில் கொடுத்த செல்போன் எண்ணை ரீசார்ஜ் செய்யாமல் விட்டு வேறு சிம் மாற்றிவிடுகிறார்கள். கொடை அடுத்த வருடமும் வரும். அந்த எண்ணைச் சேர்க்கை முடியும்வரை உயிரோடு வைத்திருங்கள்.

என்ன படிப்பது என்பதில் நமக்கு ஒரு மூடநம்பிக்கை: சயன்ஸ் குரூப் கிடைத்தால் படிப்பு, இல்லையேல் வேலை. ஐ.டி.ஐ. என்றால் மக்குப் பிள்ளைக்கு என்கிறார்கள். களமசேரி அரசு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் போன்ற இரண்டு வருடப் பயிற்சி முடித்தவன் 1961-ஆம் ஆண்டின் பயிற்சியாளர் சட்டப்படி உதவித்தொகையோடு அப்ரண்டிஸ் ஆகலாம். நமக்கு எதிரே தெரியும் கப்பல் கட்டும் தளமே அப்படி ஆள் எடுக்கிறது. ஐ.டி.ஐ. முடித்தவன் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடம் சேர வழியுண்டு. டிப்ளமா முடித்தவனுக்கு அப்படியே பி.டெக். இரண்டாம் வருடத்துக்கும் வழியுண்டு. மேஸ்திரியிடம் பத்து வருடம் கற்கும் அதே வயரிங் வேலைதான். ஆனால் கையில் சான்றிதழ் இருப்பவனை எவனும் 'டேய்' என்று கூப்பிட யோசிப்பான்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு தடை சேர்கிறது. "பஸ்ஸில் அவ்வளவு தூரம் தனியாகவா?" என்பார்கள். அதே பெண் விடியற்காலை நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கத் தனியாகத்தான் போகிறாள், அப்போது தூரம் தெரிவதில்லை. மாணவர் சலுகைச் சீட்டைக் காட்டினால் முகம் சுளிக்கும் பஸ் கண்டக்டரைப் பற்றிக் கேள்விப்பட்டால், அவளை வீட்டில் நிறுத்தாதீர்கள். நாலு அப்பாமார் சேர்ந்து ஒரு நாள் அந்த ஸ்டாப்பில் போய் நில்லுங்கள்.

சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். முதல் மூன்று மாதம்தான் கண்டம். ப்ளஸ் ஒன் பாடப் புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கும், வாத்தியார் விளக்கம் மலையாளத்தில் ஓடும், பிள்ளை வீட்டில் பேசுவது தமிழ். ஓணப் பரீட்சையில் மார்க் விழும். "எனக்கு மண்டையில் ஏறவில்லை, வேலைக்குப் போகிறேன்" என்பான். அந்த ராத்திரியில் "அப்பவே சொன்னேன்" என்று எந்தத் தகப்பனும் சொல்லக் கூடாது. அவன் முட்டாளாகிவிடவில்லை, மூன்று மொழிகளுக்கு நடுவே நடக்கிறான். மேல் வகுப்பில் படிக்கும் நம் தெருப் பிள்ளை ஒருத்தியை வாரம் இரண்டு நாள் அவனோடு உட்காரச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை கிடங்கு வேலைக்கு அனுப்பாதீர்கள், ஞாயிறு திங்களாகும், திங்கள் வாரமாகும். விளக்கை எட்டு மணிக்கே அணைக்காதீர்கள். டி.வி.யை அணையுங்கள்.

பெற்றோர் கூட்டத்துக்குப் போங்கள். கைலியோடு எப்படிப் போவது, மலையாளத்தில் என்ன பேசுவது என்று கூச்சப்பட்டு, பிள்ளையிடமே "நீயே சொல்லிவிடு" என்கிறோம். பதினாறு வயதுப் பிள்ளை தன் வழக்குக்குத் தானே வக்கீல், தானே மொழிபெயர்ப்பாளர் என்றால் எப்படி? தமிழும் மலையாளமும் கலந்த பாஷையில் பேசுங்கள், வாத்தியாருக்குப் புரியும். மட்டாஞ்சேரியில் கொங்கணியும் குஜராத்தியும் உருதும் கேட்டு வளர்ந்த காதுகள் அவை. ஒரு நாள் கூலி போகும், உண்மைதான். மகள் ஒருத்தி அன்று தன் அம்மா வாசலில் நிற்பதைப் பார்ப்பாள்.

தேர்வு முடிவு வந்த மறுநாள் முதல் அலாட்மெண்ட் முடியும்வரை நம் சங்க அலுவலகத்தில் மாலை ஆறு மணிக்கு மேல் ஒரு மேசை போடச் சொல்லி எல்லா உறுப்பினரும் கேட்க வேண்டும். வருகிறவர்கள் பிள்ளையின் மார்க் சீட்டு, டி.சி., ரேஷன் கார்டு, ஆதார், சாதிச் சான்று இருந்தால் அதுவும், மாறாத ஒரு செல்போன் எண்ணும் கொண்டு வாருங்கள். வில்லேஜ் ஆபீசில் வாங்க வேண்டிய சான்றுகளுக்கு முடிவு வரும்வரை காத்திராமல் ஏப்ரலிலேயே மனுப் போடுங்கள். பிள்ளையையும் கூட்டி வாருங்கள்.