'பேட்டரி டெட் சார்!'

புது வண்டி வாங்கிய எல்லோருக்கும் இப்படி ஒரு காலை வந்தே தீரும். சாவியைத் திருகி செல்ஃப் பட்டனை அமுக்குவீர்கள். என்ஜின் வாய் திறக்காது. சீட்டுக்கு அடியிலிருந்து 'டக் டக் டக்' என்று பல்லி மாதிரி ஒரு சத்தம் மட்டும் வரும். சில சமயம் அதுவும் வராது. ஆபீஸுக்கு நேரமாகிக்கொண்டிருக்கும். கீழ் வீட்டுக்காரர் பல் தேய்த்தபடியே வெளியே வந்து, "பேட்டரி போயிருக்கும் தம்பி" என்பார். தெருமுனை மெக்கானிக் சீட்டைக்கூடத் திறக்காமல் அதே தீர்ப்பைச் சொல்வார். "பேட்டரி டெட் சார். புதுசு போட்டுடலாம்." ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் கைமாறும். வண்டியும் கிளம்பிவிடும். நீங்களும் அவருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவீர்கள்.

எனக்குக் கோபம் அந்த நன்றியின் மேல்தான்.

நாடி பிடித்துப் பார்க்காமல் ஒரு டாக்டர் மரணச் சான்றிதழ் எழுதினால் சும்மா விடுவோமா? பேட்டரிக்கு மட்டும் எழுதலாம் போலிருக்கிறது. பல சமயம் அது செத்திருக்காது, மயங்கித்தான் கிடக்கும். சில சமயம் அதற்கு ஒன்றுமே ஆகியிருக்காது. கோளாறு வேறு எங்கோ இருக்க, பழி மட்டும் இதன் மேல் விழும். இதைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிஷமும் ஒரு சின்ன மீட்டரும் போதும். அந்தப் பத்து நிமிஷப் பாடத்தை உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

ஷோரூமிலா? டெலிவரி அன்று அங்கே மாலை போட்டார்கள், எலுமிச்சம்பழத்தை நசுக்கினார்கள், சிலர் கேக்கூட வெட்டினார்கள். அட்டையில் செய்த ராட்சச சாவியை உங்கள் கையில் கொடுத்து போட்டோ எடுத்தார்கள். எக்ஸ்டெண்டட் வாரண்டி, டெஃப்லான் கோட்டிங், சீட் கவர் என்று வரிசையாக விற்றார்கள். பேட்டரி சீட்டுக்கு அடியிலா, பக்கவாட்டு மூடிக்குள்ளா, கால் வைக்கும் பலகைக்குக் கீழேயா என்று திறந்து காட்ட ஒரு ஸ்க்ரூடிரைவரும் இரண்டு நிமிஷமும் போதும். அந்த இரண்டு நிமிஷம்தான் அவர்களிடம் இல்லை.

சரி, அரசாங்கமாவது சொல்லிக் கொடுத்ததா? எல்.எல்.ஆர். தேர்வில் என்னென்ன கேட்க வேண்டும் என்பதை 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள் வரையறுக்கின்றன. போக்குவரத்துச் சின்னங்கள், விபத்து நடந்தால் ஓட்டுநரின் கடமை, கையில் இருக்க வேண்டிய காகிதங்கள். எல்லாம் அவசியம்தான். கூடவே, ஆளில்லா ரயில்வே கேட்டை எப்படிக் கடப்பது என்றும் இருக்கிறது. அகலப் பாதைகளில் அப்படிப்பட்ட கேட்டுகளையே 2019 ஜனவரியோடு ரயில்வே ஒழித்துக் கட்டிவிட்டது! ஓட்டப்போகிற வண்டியைப் பற்றி அந்தப் பட்டியலில் ஒரு வரி கிடையாது. எட்டு போட்டால் லைசென்ஸ். எட்டு போடுவதற்கும் முதலில் வண்டி கிளம்ப வேண்டுமே என்று யாருக்கும் தோன்றவில்லை.

கம்பெனிகள் விஷயத்துக்கு வருகிறேன். டி.வி.எஸ். 50-க்கு பெடல் இருந்தது. 80-களில் கைனடிக் ஹோண்டா வந்தபோது பட்டனைத் தட்டினால் கிளம்பும் ஸ்கூட்டர் என்று ஊரே வேடிக்கை பார்த்தது. அதிலும் ஆபத்துக்கு ஒரு கிக்கர் இருந்தது. இப்போது பல பைக்குகளில் அந்தக் கிக்கரைக் கழற்றிவிட்டார்கள். உதைத்தே பேர் வாங்கிய வண்டி புல்லட். திருவொற்றியூரில் அது பிறந்த காலத்திலிருந்து அதை உதைக்கத் தெரிந்தவனுக்குத் தெருவில் தனி மரியாதை. 2023-ல் வந்த புதிய புல்லட் 350-ல் கிக்கர் கிடையாது.

அவர்கள் தரப்பில் நியாயம் இல்லாமலில்லை. கிக்கர் போனால் எடை குறையும், இடமும் செலவும் மிச்சம். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு கார்புரேட்டர் போய், ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. பெட்ரோல் பம்புக்கும் கம்ப்யூட்டருக்கும் கரண்ட் வேண்டும். பேட்டரி சுத்தமாக வற்றிவிட்டால் உதைத்தும் பல வண்டிகள் கிளம்பாது என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேட்டரி முழுசாக வற்றுவதற்கு முன்பே செல்ஃப் மோட்டார் கைவிரித்துவிடும். அதைச் சுற்ற நிறையக் கரண்ட் வேண்டும். பம்புக்கும் கம்ப்யூட்டருக்கும் கொஞ்சம் போதும். அந்த இடைவெளியில்தான் கிக்கர் ஆளைக் காப்பாற்றியது.

போகட்டும், எல்லாப் பாரத்தையும் பேட்டரி தலையில் ஏற்றியாகிவிட்டது. அப்படியென்றால் அதன் நிலைமையைச் சொல்லும் ஒரே ஒரு எண்ணை டாஷ்போர்டில் காட்டினால் என்ன? புளூடூத் இருக்கிறது. மாமியார் போன் பண்ணினால் மீட்டரில் பெயர் ஓடுகிறது. பேட்டரி 11.8 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது என்பதை மட்டும் பெரும்பாலான வண்டிகள் சொல்வதில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், இன்ஜெக்‌ஷனை நடத்தும் கம்ப்யூட்டர் அந்த வோல்ட்டேஜை நொடிக்கு நொடி அளந்துகொண்டேதான் இருக்கிறது. வண்டிக்குத் தெரியும். பணம் கொடுத்த உங்களுக்குத்தான் தெரியாது.

ஆகவே நீங்களாகத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

வண்டி கிளம்பவில்லையா? பேட்டரியைச் சந்தேகப்படுமுன் கைக்கு எட்டுவதைப் பாருங்கள். சிவப்பு கில் ஸ்விட்சை யாராவது குழந்தை தட்டிவிட்டிருக்கும். சைடு ஸ்டாண்டு இறங்கியிருந்தால் பல வண்டிகள் கிளம்பாது. ஸ்கூட்டருக்கு பிரேக் பிடிக்க வேண்டும், சில பைக்குகளுக்கு கிளட்ச் பிடிக்க வேண்டும். சிரிக்காதீர்கள், இதற்காகவே வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனவர்கள் உண்டு.

அடுத்து, காதைத் தீட்டுங்கள். வேகமாக 'டக டக டக' என்றால், மீட்டர் வெளிச்சமும் கூடவே மங்கினால், பேட்டரி இளைத்திருக்கிறது. அல்லது அதன் டெர்மினல் லூஸ். ஹார்ன் கணீரென்று அடிக்கிறது, லைட் பளிச்சென்று இருக்கிறது, ஆனால் செல்ஃப் அமுக்கினால் ஒரே ஒரு 'டக்'கோடு சரி என்றால், பேட்டரி மேல் அநேகமாகக் குற்றமில்லை. ரிலேயையும் செல்ஃப் மோட்டாரையும் பார்க்கச் சொல்லுங்கள். மீட்டரே எரியவில்லையா? முதலில் ஃப்யூஸ். பத்து, இருபது ரூபாய்ச் சமாச்சாரம்.

பிறகு மூடியைத் திறந்து டெர்மினலைப் பாருங்கள். நம் ஊர் சாலைகளில் ஆடி ஆடி ஸ்க்ரூ கழன்றிருக்கும். வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருக்கும். சுத்தம் செய்து முறுக்கினாலே எழுந்து உட்காரும் பேட்டரிகள் ஏராளம். கழற்றுவதென்றால் மைனஸை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். மாற்றிச் செய்து, ஸ்பானர் வண்டியின் இரும்பில் பட்டால் தீபாவளிதான்.

இனி அந்தச் சின்ன மீட்டர். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும், எந்த ஊர் எலெக்ட்ரிகல் கடையிலும் சாதாரண மல்ட்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பேட்டரிக்குள் ஆறு அறைகள். ஒவ்வொன்றும் இரண்டு வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல். அதனால் ராத்திரி முழுக்க ஓய்வெடுத்த நல்ல பேட்டரி காலையில் 12.6 அல்லது அதற்கு மேல் காட்டும். 12.2 என்றால் பாதி வயிறு. 12-க்குக் கீழே என்றால் பட்டினி. பட்டினியும் சாவும் ஒன்றல்ல என்பதைத்தான் மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டும். சார்ஜ் ஏற்றி, ஒரு இரவு வைத்து, மறுபடி அளக்க வேண்டும். அதற்குப் பிறகும் படுத்தே கிடந்தால் அது செத்த பேட்டரி. செல்ஃப் அமுக்கும்போது 9.5-க்கும் கீழே சரிந்தாலும் அதற்குக் காலம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம்.

இன்னும் முக்கியமான ஒரு அளவு இருக்கிறது. வண்டியை எப்படியாவது கிளப்பி, லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்து அதே இடத்தில் அளந்தால் பதிமூன்றரையிலிருந்து பதினாலரைக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் வண்டி பேட்டரிக்குச் சோறு போடவில்லை என்று பொருள். ரெகுலேட்டரோ, கரண்ட் தயாரிக்கும் காயிலோ போயிருக்கும். இதைப் பார்க்காமல் புது பேட்டரி போட்டால் அதுவும் சில நாளில் படுக்கும். அப்போதும் உங்களிடம் என்ன சொல்வார்கள் தெரியுமா? "இப்ப வர்ற பேட்டரியெல்லாம் தரமில்ல சார்."

ஸ்கூட்டரில் வரும் பெண்களுக்கு இந்த வசனம்கூடக் கிடையாது. "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது மேடம், விட்டுட்டுப் போங்க." அந்த மேடம் ஆஸ்பத்திரியில் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கும் நர்ஸாக இருப்பார். காலியான பார்க்கிங்கில் விடிகாலை மூன்று மணிக்கு வண்டி கிளம்பாவிட்டால் என்ன ஆகும் என்பது அவருக்கு எல்லோரையும்விட நன்றாகவே புரியும். உணவு டெலிவரி செய்யும் பையனைப் பாருங்கள். வண்டி நின்றால் அன்றைக்குக் கூலி இல்லை. அதற்கு மேல் தேவையில்லாத பேட்டரிக்குக் கொடுக்கும் ஆயிரம் ரூபாய் அவனுக்கு எத்தனை நாள் உழைப்பு!

தெருவில் இலவசமாகக் கிடைக்கும் யோசனைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். "தள்ளி ஸ்டார்ட் பண்ணு தம்பி." கியர் வண்டியில், மீட்டர் எரியும் அளவுக்காவது கரண்ட் இருந்தால், இரண்டாவது கியர் போட்டுத் தள்ளி கிளட்சை விடலாம். கியர் இல்லாத ஸ்கூட்டரைக் கோயம்பேட்டிலிருந்து தாம்பரம் வரை தள்ளினாலும் கிளம்பாது. என்ஜின் சுற்றினால்தான் அதன் கிளட்ச் பிடிக்கும். சக்கரத்தைச் சுற்றி என்ஜினை எழுப்ப முடியாது. "தினம் அஞ்சு நிமிஷம் நின்ன இடத்துலயே ஓட விடு" என்பது அடுத்த யோசனை. ஐடிலிங்கில் சார்ஜ் ஏறுவது சொற்பம். கிளப்ப எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதற்குள் அணைத்துவிடுவீர்கள். வீட்டிலிருந்து ரயில்வே ஸ்டேஷன் வரை மட்டும் போய்வரும் வண்டிகளின் பேட்டரி இளைப்பதும் இதனால்தான். வாரத்துக்கு ஒரு தடவையாவது அரைமணி நேரம் நிற்காமல் ஓட்டுங்கள்.

கார் பேட்டரி சார்ஜரில் வைத்து ஒரு மணி நேரத்தில் ஏற்றித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். 5 ஆம்பியர்-ஹவர் பேட்டரிக்கு அரை ஆம்பியர் வேகம் போதும்; ராத்திரி முழுக்க மெல்ல ஏற வேண்டும். சீல் வைத்த பேட்டரியைக் குத்தித் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வருபவரைக் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். காரிலிருந்து கேபிள் போட்டுக் கிளப்புவதென்றால் கார் என்ஜின் அணைந்திருக்கட்டும். ப்ளஸ்ஸுக்கு ப்ளஸ். மைனஸ் கேபிளின் கடைசி முனையை பேட்டரியில் வைக்காமல் உங்கள் வண்டி என்ஜினின் இரும்பில் வையுங்கள். அவசரத்தில் மாற்றிக் கொடுத்தால் போவது பேட்டரி அல்ல, கம்ப்யூட்டர். அதன் விலையைக் கேட்டுப் பாருங்கள்.

பேட்டரிகள் நிஜமாகவே சாவதும் உண்டு. 2020 ஊரடங்கில் மாதக்கணக்கில் நின்ற வண்டிகளை நினைத்துப் பாருங்கள். வற்றிய பேட்டரியை அப்படியே போட்டுவைத்தால் உள்ளே தகடுகளின் மேல் ஈய சல்பேட் கெட்டிப்பட்டுவிடும். பிறகு எத்தனை சார்ஜ் ஏற்றினாலும் திரும்பாது. நம் வெயிலும் அதன் ஆயுளைக் குறைக்கும். அலாரம், ஜி.பி.எஸ்., கலர் கலராக மின்னும் எல்.ஈ.டி. பட்டை என்று நேரடியாக பேட்டரியில் இழுத்து மாட்டுவதும் அப்படித்தான். மூன்று நான்கு வருஷம் உழைத்த பேட்டரி போனால் வருத்தப்பட வேண்டாம். ஒரே வருஷத்தில் போனால் பணத்தை எடுக்காதீர்கள், வாரண்டி அட்டையை எடுங்கள். பேட்டரிக்குப் பெரும்பாலும் அதைத் தயாரித்த கம்பெனியின் தனி வாரண்டி உண்டு. ஷோரூமில் கேக் வெட்டிய அன்று இதையும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மாற்றியே தீர வேண்டும் என்றால் பழையதைக் கடையில் கொடுத்து, அதற்குரிய விலையைக் கழித்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள். உள்ளே இருப்பது ஈயம். அதற்குக் காசு உண்டு. கேட்காதவர்களுக்குக் கழிப்பதில்லை. குப்பையிலோ தெருவில் வரும் பழைய இரும்புக்காரரிடமோ போட்டால், அதை எங்காவது ஒரு கொல்லையில் உடைத்து உருக்குவார்கள். ஈயப் புகை போய்ச் சேரும் இடம் பக்கத்து வீட்டுக் குழந்தைகளின் ரத்தம். பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் தலையில் வைத்து 2022-ல் தனி விதியே வந்திருக்கிறது. புதிய பேட்டரியின் அட்டையில் கடைக்காரர் தேதி எழுதி, முத்திரை குத்திவிட்டாரா என்று பணம் கொடுப்பதற்கு முன்னால் பாருங்கள். "அப்புறம் குத்திக்கலாம் சார்" என்பார். நின்று வாங்கிக்கொண்டு வாருங்கள்.